வெங்காய மண்டியும் மழைக் கணக்கு மெஷினும்

எங்கள் மண்டியில் வாயால் சொன்ன விலைக்கு மதிப்புக் கிடையாது. வெங்காயம் விற்க வந்தவரும் வாங்க வந்தவரும் கையோடு கை சேர்த்து, மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, அமுக்கி, விட்டு, மறுபடியும் பிடித்து விலையை முடிப்பார்கள். அந்த நேரத்தில் வாய் சும்மா இருக்காது. இந்த விலை கட்டாது, கட்டவே கட்டாது என்று வாய் அழுதுகொண்டிருக்கும். விரல் சம்மதம் சொல்லிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிற மற்ற வியாபாரிகள் வாயைக் கேட்க மாட்டார்கள். தோள் எப்படி அசைகிறது, முகம் எப்போது இறுகுகிறது, யார் முதலில் துண்டை உதறுகிறார் என்றுதான் பார்ப்பார்கள். என் அத்தா இந்த வித்தையில் கரை கண்டவர். துண்டுக்கு அடியில் அவர் கை என்ன செய்தாலும் முகம் தொழுகையில் நிற்கிற மாதிரி இருக்கும். ராவுத்தர் என்றால் எல்லாருக்கும் அவர்தான். திண்டுக்கல் மண்டியில் அவரிடம் வெங்காயம் போடாத ஊர் பழனி வரைக்கும் இல்லை.

அப்பேர்ப்பட்டவருக்குப் பிறந்த நான் கணக்குப் படித்துவிட்டு, அறுபதுகளின் நடுவில் பம்பாயில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். இன்றைக்கு வானிலைக்கு சூப்பர் கம்ப்யூட்டர் என்று செய்தியில் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அன்றைக்கு நாட்டிலேயே பெரிய மெஷின்களில் ஒன்று எங்களிடம் இருந்தது. கல்யாண மண்டபம் மாதிரி ஒரு கூடம், அதில் வரிசை வரிசையாக இரும்பு பீரோக்கள். வெளியே பம்பாய் வெயிலில் வியர்த்து ஊற்றும். உள்ளே மெஷினுக்குச் சூடு ஆகாது என்று குளிரை வைத்திருப்பார்கள், நாங்கள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு வேலை பார்ப்போம். ஊர் ஊராகப் பலூன் விட்டு மேல் காற்றை அளந்து தந்தியில் அனுப்புவார்கள். அதை எண்ணாக்கி, அட்டையில் ஓட்டை போட்டு, கட்டுக்கட்டாக மெஷினுக்குள் தள்ள வேண்டும். ஒரு அட்டை இடம் மாறினால் போதும், மொத்தக் கணக்கும் குட்டிச்சுவர். நாளைக்குக் காற்று எந்தப் பக்கம் வீசும் என்று அது சொல்ல வேண்டும். ஆனால் நாளைய காற்றைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் நாளையே வந்து, வீசிவிட்டுப் போய்விடும். நாங்கள் அதை ஒரு குறையாக நினைக்கவில்லை. கணக்கும் காற்றும் ஓரளவு ஒத்துப்போனாலே டீ வாங்கிக் கொண்டாடுவோம்.

இதையெல்லாம் அத்தாவுக்கு நான் விளக்காமல் இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு மண்டியில் போய், என் மகன் பம்பாயில் மழைக்குக் கணக்குப் போடுகிறான் என்று சொன்னார். பெற்றவருக்கு அதற்கு மேல் சுருக்கத் தெரியாது. அந்த ஒரு வாக்கியம் ஒட்டன்சத்திரம், தொப்பம்பட்டி, கீரனூர் என்று வெங்காயம் விளைகிற ஊரெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது.

தங்கச்சி நிக்காஹுக்காக நான் லீவில் வந்து இறங்கியது புரட்டாசிக் கடைசி. அந்த வருஷம் வெங்காயம் தாமதமாகத்தான் ஊன்றியிருந்தார்கள். தாள் இன்னும் பச்சையாக நிமிர்ந்து நின்றது. தாள் பழுத்துச் சாய்ந்த பிறகு பிடுங்கினால்தான் காய் திரளும், காற்றாடப் பட்டறை கட்டிச் சேர்த்து வைத்தாலும் மாதக்கணக்கில் தாங்கும். ஆனால் ஐப்பசி பிறந்தால் மழை எந்த நேரமும் இறங்கலாம். விளைந்த வெங்காயத்தில் தண்ணீர் நின்றால் மண்ணுக்குள்ளேயே அழுகிவிடும். ஆக, ஊர் முழுக்க ஒரே கேள்விதான்: முன்னால் வருவது விளைச்சலா, மழையா? அந்தக் கேள்வியோடு இருந்த ஊரில் மழைக்குக் கணக்குப் போடுகிறவன் பெட்டியோடு ரயிலை விட்டு இறங்கினால் என்ன ஆகும்?

ஜங்ஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வீட்டுக்குப் போவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்து, மழை எப்போது என்றார். தெரியாது என்றேன். அவர் சிரித்தார். மறுநாள் மண்டிக்குப் போனேன். பழக்கமான தரகர்கள், வெங்காயம் விளைவித்துக் கொண்டுவந்து மூட்டை மேல் உட்கார்ந்திருந்த சம்சாரிகள், எல்லாரும் எழுந்து வந்து கேட்டார்கள். எல்லாரிடமும் ஒரே பதிலைச் சொன்னேன். எனக்குத் தெரியாது, எங்கள் மெஷின் மழையைக் கணக்குப் போடுவதில்லை, மேல் காற்றை மட்டும்தான் போடுகிறது, அதுவும் அரைகுறை. தமிழில் இதைவிடத் தெளிவாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர்கள் தலையாட்டிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தார்கள். ஒரு தரகர் என் தோளைத் தட்டி, "ராவுத்தர் மகன் ராவுத்தராத்தான இருப்பாரு" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாம் ஆமோதித்தார்கள்.

எனக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. கட்டாது என்று சொல்லிக்கொண்டே வாங்குகிற ஊரில், தெரியாது என்றால் தெரியும் என்று அர்த்தம். தெரிந்ததை அத்தாவுக்கு மட்டும் சொல்லிவிட்டு எங்களிடம் மறைக்கிறான் என்று அவர்கள் நினைத்தார்கள். இதில் அவர்களுக்கு என் மேல் கோபம் துளியும் இல்லை. மறைக்காமல் இருந்தால்தான் மட்டமாக நினைத்திருப்பார்கள்.

அன்று சாயங்காலம் அத்தா என்னைக் கூப்பிட்டு, மண்டிக்கு வந்தால் வானத்தைப் பார்க்காதே என்றார். நான் எப்போது பார்த்தேன் என்று கேட்டேன். காலையில் டீ குடிக்கும்போது அண்ணாந்து பார்த்தாயாம், பார்த்துவிட்டுக் கிளாஸைப் பட்டென்று வைத்தாயாம், மண்டி பூராவும் அதே பேச்சு என்றார். டீ சுட்டுவிட்டது, அதனால் வைத்தேன். இதைச் சொன்னால் அவரே நம்புவாரா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவர் குரலைத் தாழ்த்தி, "எனக்காச்சும் சொல்லேன்டா அப்பு" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. தலையால் தண்ணீர் குடித்தாலும் தெரியாது என்று கத்தினேன். அத்தா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

என்னை நம்புகிறவன் ஒருத்தன் இருந்தான். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன். கீரனூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பம், திண்டுக்கல்லில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தான். அப்பா இறந்ததும் படிப்பை விட்டுவிட்டு அண்ணனோடு தோட்டத்துக்குப் போய்விட்டான். அந்த வருஷம்தான் அண்ணன் தம்பி பாகம் பிரித்திருந்தார்கள். பிரிந்ததற்குக் காரணம் பெரிதாக ஒன்றும் இல்லை. எதை விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது என்று எல்லாமே அண்ணன் வாக்குத்தான். இவனுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. இப்போது இவன் பங்கில் முதல் வெள்ளாமை. விதைக்கு வைக்க வேண்டிய காயும் அந்த வெங்காயக் காட்டில்தான் இருந்தது. அது போனால் அடுத்த ஊன்றலுக்கு அண்ணன் வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

அவன் மண்டிக்கு வந்து என்னைக் கண்டுபிடித்து, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனான். மற்றவர்களைப் போல அவன் என் முகத்தைப் படிக்கவில்லை. நேராகக் கேட்டான். நானும் நேராகச் சொன்னேன். மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரை விரலால் இழுத்துக் கட்டம் போட்டுக் காட்டினேன். நாட்டை இப்படிக் கட்டம் கட்டமாகப் பிரிப்போம், ஒரு கட்டத்துக்கு ஒரு காற்று. உன் கீரனூர், என் திண்டுக்கல், அந்தப் பக்கம் மதுரை, இந்தப் பக்கம் கோயமுத்தூர், எல்லாம் சேர்ந்து ஒரே கட்டம்.

"ஏன்டா, நடுவுல கொடைக்கானல் மலை இருக்குதல்லோ?" என்றான்.

மலை இல்லை என்றேன். மலையை வைத்தால் கணக்கு பெருத்துப்போய் மெஷின் திணறும், அதனால் தட்டையாக்கிவிட்டோம். சிறுமலையும் இல்லை. அவன் கொஞ்ச நேரம் அந்த ஈரக் கட்டத்தையே பார்த்தான். எங்களுக்கு மழையைக் கொடுப்பதும் கெடுப்பதும் அந்த மலைதானே என்று சொல்லிச் சிரிக்க ஆரம்பித்தான். நானும் சிரித்தேன். ஊருக்கு வந்த பிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவன் போகும்போது, காய் திரள இன்னும் நாள் வேண்டும், தாள் சாயட்டும், பொறுத்தே பிடுங்குகிறேன் என்றான். பொறு என்றும் நான் சொல்லவில்லை, பிடுங்கு என்றும் சொல்லவில்லை. அந்தக் காட்டைப் பற்றி என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.

நிக்காஹ் நெருங்கியது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை பந்தல். நெய்ச்சோறும் தாளிச்சாவும் வேகிற இடத்துக்குத் தனிக் கொட்டகை. ஐப்பசியில் கல்யாணம் வைக்கிற எந்தத் தகப்பனும் செய்வதை அத்தாவும் செய்தார். லாரி ஷெட்டில் சொல்லிவைத்து தார்ப்பாய் வரவழைத்தார். அவருக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. இருந்த தார்ப்பாய் அத்தனையையும் வண்டியில் ஏற்றச் சொல்லிவிட்டார். வண்டி வீட்டுக்கு வருவதற்கு மண்டித் தெருவைத் தவிர வேறு வழி கிடையாது.

மண்டியில் பேச்சு நின்றுவிட்டதாம். துண்டுக்குள் இருந்த கைகள் அப்படியே நின்றனவாம். இதை அப்புறம் எத்தனையோ பேர் என்னிடம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறார்கள். எல்லாரும் வண்டியைப் பார்த்தார்கள், ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். மகன் தெரியாது என்கிறான். அப்பன் ஊர்த் தார்ப்பாயை எல்லாம் வாரிக்கொண்டு போகிறார். இதற்கு மேல் ஒரு வியாபாரிக்கு என்ன அத்தாட்சி வேண்டும்? மத்தியானத்துக்குள் மூட்டை போட வந்த சம்சாரிகள் பாதி விலைக்குக் கூடத் தள்ளிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடியிருக்கிறார்கள்.

எனக்கு விஷயம் தெரிந்ததும் அத்தாவிடம் போனேன். பச்சை வெங்காயத்தைப் பிடுங்கப் போகிறார்கள், உடனே மண்டியில் நின்று சொல்லுங்கள் என்றேன். அத்தாவும் பயந்துபோனார். அவரை நான் அப்படிப் பார்த்ததில்லை. செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் வேகமாக நடந்துபோய், மண்டி நடுவில் நின்று, தார்ப்பாய் மகள் கல்யாணப் பந்தலுக்கு வாங்கியது, மழைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார். ஆண்டவன் மேல் ஆணையாகச் சொல்கிறேன் என்றார். ஆயுள் முழுக்க விலையை வாய்விட்டுச் சொல்லாத ராவுத்தர், கூட்டத்தின் நடுவில் நின்று சத்தியம் செய்ததும், மிச்சமிருந்தவர்களும் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்கள்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். இது வாயே திறக்காத ஊர், எதைப் போட்டு மூடுவது?

மறுநாள் காலையில் என் சிநேகிதனைத் தேடிப் பழனி பஸ்ஸில் ஏறினேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் காடுகளில் ஆட்கள் குனிந்திருந்தார்கள். பச்சைத் தாளோடு வெங்காயத்தைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர், திண்டுக்கல்லில் ஒரு ராவுத்தர் வீட்டில் மெஷின் இருக்கிறதாம், அதில் புயல் தெரிந்துவிட்டதாம் என்று என்னிடமே சொன்னார். மெஷின் அதற்குள் பம்பாயிலிருந்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டது. நான் அவரோடு சண்டை பிடித்தேன். அந்த ராவுத்தர் மகன் நான்தான், வீட்டில் அம்மியும் உரலும்தான் இருக்கிறது என்றேன். அவர் மரியாதையாக எழுந்து வேறு இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பழனியில் பஸ் மாறி, கீரனூரில் இறங்கி அவன் காட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது, வரப்புக்கு அந்தப் பக்கம் அண்ணன் பங்கில் கிட்டத்தட்டப் பிடுங்கி முடித்திருந்தார்கள். பெண்கள் தாளை முறுக்கி அறுத்துக்கொண்டிருந்தார்கள். வரப்புக்கு இந்தப் பக்கம் இவன் காடு பச்சையாக அப்படியே நின்றது. இவன் மனைவி கிணற்று மேட்டில் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாங்க என்று சொன்னாள். உடனே அண்ணன் காட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாமும் பிடுங்கிவிடலாம் என்று காலையிலிருந்து அவள் சொல்லிக்கொண்டிருந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும்.

அண்ணன் வரப்பைத் தாண்டி வந்தார். நல்ல உயரம், கணீரென்ற குரல். என்னிடம் அவருக்கு மரியாதை இருந்தது, தம்பியிடம்தான் எரிச்சல். "ஏனுங்க தம்பி, நீங்களாச்சும் இவனுக்கு எடுத்துச் சொல்லுங்க. ஊரே புடுங்குது, இவன் மட்டும் கட்டிப்புடிச்சுட்டு நிக்கறான்" என்றார். நான் என்னிடம் இருந்த மூச்சை எல்லாம் திரட்டி, தார்ப்பாய் கல்யாணத்துக்கு, மெஷினுக்கு மழை தெரியாது, உங்கள் காய் இன்னும் விளையவில்லை, நிறுத்துங்கள் என்றேன். அவர் சிரித்த முகத்தோடு முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டுத் திரும்பி, ஆட்களைச் சீக்கிரம் ஆகட்டும் என்று விரட்டினார்.

அவன் என்னைக் கிணற்றுக்கு அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போனான். முகம் வெளுத்திருந்தது. ஒரு செடியைப் பிடுங்கி வந்திருந்தான். காயைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். கழுத்து தடித்து, காய் இன்னும் சிறுத்துத்தான் இருந்தது.

"இங்க பாரு. ஊருக்குச் சொன்னதை உடு. எனக்குச் சொல்லு. தெரியாதுங்கறது நெசமா?"

"நெசம்டா. மழை வரலாம், வராமலும் போகலாம். எனக்குத் தெரியாது."

அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தான். என் வாழ்க்கையில் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாமா என்றுகூட எனக்குத் தோன்றியது. எதைச் சொல்வது? வரும் என்றால் அதுவும் பொய், வராது என்றால் அதுவும் பொய். கடைசியில் அவன் அந்தக் காயைத் தூர எறிந்துவிட்டு, மனைவியைப் பார்த்துக் கையாட்டி, வேண்டாம், தாள் சாயட்டும் என்று சத்தமாகச் சொன்னான். வரப்புக்கு அந்தப் பக்கம் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணன் காதில் விழ வேண்டும் என்றுதான் அவன் அவ்வளவு சத்தமாகச் சொன்னான் என்று நினைக்கிறேன்.

நிக்காஹ் அன்று கொளுத்துகிற வெயில். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்தவர்கள் வெந்து போனார்கள். மாப்பிள்ளை வீட்டார் விசிறிக்குச் சண்டை போட்டார்கள். மண்டிக்காரர்கள் வந்து நெய்ச்சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்து மேலே மேலே பார்த்தார்கள். பச்சையாகப் பிடுங்கிய வெங்காயம் அதற்குள் சந்தையில் குவிந்து, வாங்க ஆளில்லாமல் கிடந்தது. ஒரு தரகர் என்னைக் கண்டும் காணாதது போலப் போனார். எனக்கு அதில் பரம சந்தோஷம். நான் சொன்னது மெய்யாகிறது என்ற அற்ப சந்தோஷம் அல்ல என்று இப்போது சொன்னால் யாரும் நம்ப வேண்டாம், அதுவும் இருந்தது. ஆனால் பெரிய சந்தோஷம் என் கீரனூர் சிநேகிதன் வந்து பந்தலில் உட்கார்ந்திருந்ததுதான். வெள்ளை வேட்டி கட்டி, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். தாள் மஞ்சள் கண்டுவிட்டது, இன்னும் கொஞ்சம் பொறுத்தால் போதும் என்றான். அவன் இலையில் நானே இரண்டாம் தரம் சோறு வைத்தேன்.

அவன் போன பிறகு நான் வானத்தைப் பார்க்காத நேரம் கிடையாது. யார் பார்த்தால் எனக்கென்ன என்று ஆகிவிட்டது. தங்கச்சி மாமியார் வீட்டுக்குப் போனாள், வீடு வெறிச்சென்று இருந்தது, மாடியில் ஏறி நின்றால் ஒரு பக்கம் மலைக்கோட்டை, இன்னொரு பக்கம் சிறுமலை. ஐப்பசி மழை கிழக்குக் காற்றோடுதான் வரும்; காற்று மேற்கிலிருந்து வருகிற வரைக்கும் எனக்குப் பயமில்லை. சாப்பிடும்போதுகூட ஜன்னலில் தொங்குகிற துணி எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பம்பாயில் ஒரு கூடம் நிறைய இரும்பை வைத்துக்கொண்டு எது தெரியாமல் இருந்தேனோ, அதை ஒரு ஜன்னல் துணியைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன். பைத்தியம்தான்.

ஒரு நாள் மத்தியானம் துணி ஆடாமல் நின்றது. சாயங்காலம் கிழக்கேயிருந்து ஆட ஆரம்பித்தது. சிறுமலை உச்சி தெரியவில்லை. இன்னும் அவன் பிடுங்கியிருக்க மாட்டான். இங்கே பெய்தாலும் கீரனூரில் பெய்யாமல் போகலாம், மலை தடுக்கும், அங்கே எப்போதும் குறைவுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். விளக்கு வைக்கிற நேரத்தில் மழை விழுந்தது. முதலில் தூறல்தான். அப்புறம் விடாமல் பிடித்துக்கொண்டது. மறுநாளும் விடவில்லை, அதற்கடுத்த நாளும் விடவில்லை. பந்தலைப் பிரித்து மடித்து வைத்த தார்ப்பாயை அத்தா மண்டிக்கு எடுத்துப் போய் மூட்டைகளுக்கு மேல் போட்டார்.

மழை விட்டதும் மண்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பூவும் பழமும் கொண்டுவந்தார்கள். என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டவர்கள் உண்டு. பச்சைக் காயாக இருந்தாலும் பிடுங்கிப் பட்டறையில் ஏற்றியவர்களுக்குக் கொஞ்சமாவது மிஞ்சியது. மற்றதெல்லாம் மழையில் அழுகிப்போய், சந்தையில் வெங்காயம் இல்லாமல் அதற்கும் நல்ல விலை. எல்லாம் உங்கள் மெஷின் புண்ணியம் என்றார்கள். நான் மறுத்தேன். எவ்வளவு மறுத்தேனோ அவ்வளவு கும்பிட்டார்கள். அத்தாவைப் பார்த்து, நீங்களாவது சொல்லுங்கள் என்றேன். அவர் என்னையும் வந்தவர்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அல்லாஹ் நாடியது என்று பொதுவாகச் சொல்லி வைத்தார். அவர்கள் போன பிறகு அவரோடு பேசுவதையே நிறுத்திவிட்டேன். அவர் என்ன செய்வார் பாவம். சத்தியம் செய்தும் நம்பாதவர்களிடம் அவர் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்குத் தோன்றவில்லை.

லீவு முடிகிற சமயம். கீரனூருக்குப் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போதே நாற்றம் வந்தது. அவன் காட்டில் தண்ணீர் இன்னும் முழுவதும் வடியவில்லை. தாள் எல்லாம் சேற்றில் ஒட்டிக்கிடந்தது. அவன் மனைவி வாசலில் இல்லை, அவனும் இல்லை. அண்ணன் வீட்டுப் பக்கம் போகச் சொன்னார்கள். போனேன். அங்கே அண்ணன் பட்டறையில் இவன் வெங்காயம் புரட்டிக்கொண்டிருந்தான்.

அண்ணன் என்னைக் கண்டதும் ஓடி வந்தார். கட்டிலை இழுத்துப் போட்டு, இளநீர் வெட்டச் சொன்னார். "உங்க மெஷின் மட்டும் இல்லீனா நாங்க தெருவுக்கு வந்திருப்போமுங்க" என்று இவனை வைத்துக்கொண்டே சொன்னார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நல்ல மனுஷன், நன்றியைச் சொன்னார், அவ்வளவுதான். நான் வாயைத் திறந்தேன். இவன் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை அசைத்தான். அதனால் நான் இளநீரைக் குடித்தேன்.

கிளம்பும்போது அண்ணன் ஒரு மூட்டை வெங்காயம் கட்டி வைத்திருந்தார். ராவுத்தர் வீட்டுக்கு என்றார். எனக்கு அது வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. தம்பியைப் பார்த்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டு வா என்றார். வீட்டு வேலைக்காரனிடம் சொல்வது போலச் சொன்னார். இவனும் சரி என்று மூட்டையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டான்.

வழியில் நான் மூட்டையைப் பிடுங்கப் பார்த்தேன். விடவில்லை. உனக்குத் தூக்கிப் பழக்கம் இல்லை, சும்மா வா என்றான். சேற்றில் பார்த்துப் பார்த்து நடந்தோம். ரோட்டுக்கு வந்து புளிய மரத்தடியில் மூட்டையை இறக்கியதும், இதை நீ வைத்துக்கொள், விதைக்கு ஆகும், அண்ணனிடம் கேட்டு நிற்க வேண்டாம் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. அவன் குனிந்து மூட்டை வாயைக் கொஞ்சம் அவிழ்த்து, உள்ளே கை விட்டு ஒரு காயை எடுத்தான். கட்டை விரலால் கழுத்தை அமுக்கினான். விரல் உள்ளே இறங்கியது.

"வெளையாத காயிடா. தையில ஊனற வரைக்கும் தாங்காது" என்றான். "அண்ணனுக்கும் விதைக்கு இல்ல. அண்ணன் இன்னும் அமுக்கிப் பாக்கல."

உன்னை நான் பிடுங்கச் சொல்லியிருக்கலாம் என்றேன். தெரியாமல் எப்படிச் சொல்வாய் என்று அவன் கேட்டான். அதில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். பஸ் வந்தது. அவன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏணியில் ஏறி, பஸ்ஸின் மேலே வைத்துக் கட்டிவிட்டு இறங்கினான். கையைத் துடைத்துக்கொண்டு, வீட்டுக்குப் போனதும் இன்றைக்கே சமைத்துவிடச் சொல், வைத்தால் அழுகிவிடும் என்றான்.